வழக்கு பொய்யாகலாம், மாடிப்படி பொய்யாகாது

பழைய ஏதென்ஸில் சாதாரண மக்கள் வீட்டிலும் தெருவிலும் கடையிலும் எப்படி வாழ்ந்தார்கள் என்று தெரிந்துகொள்ள எதைப் படிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். சோக நாடகங்களையும் பிளேட்டோவையும் படித்துப் பார்த்தேன், ராஜாக்களும் தத்துவம் பேசுகிறவர்களும்தான் வருகிறார்கள், ராத்திரி விளக்கை யார் ஏற்றினார்கள், குழந்தையை யார் குளிப்பாட்டினார்கள் என்பதெல்லாம் எங்கே இருக்கிறது என்பது உங்கள் கேள்வி. அது கோர்ட்டில் இருக்கிறது. அந்த ஊர் நீதிமன்றங்களில் பேசுவதற்காக எழுதப்பட்ட பேச்சுகள் நூற்றுக்கு மேல் நமக்குக் கிடைத்திருக்கின்றன. கி.மு. 420 வாக்கில் தொடங்கி 320 வரை, ஏறக்குறைய ஒரு நூறு ஆண்டுக்காலம். சொத்துத் தகராறு, அடிதடி, கள்ளக்காதல், வரப்புச் சண்டை, கடன், கொலை என்று எல்லாமே உண்டு.

முதலில் அந்தக் கோர்ட் எப்படி நடந்தது என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மற்றதெல்லாம் அதில்தான் நிற்கிறது. வக்கீல் கிடையாது. யாருடைய வழக்கோ அவரே எழுந்து பேச வேண்டும். பேசத் தெரியாதவர் காசு கொடுத்து ஒருவரிடம் எழுதி வாங்கி, மனப்பாடம் செய்துகொண்டு வருவார். அப்படி எழுதிக் கொடுப்பதே தொழிலாக இருந்தவர்களில் பெரிய கை லீசியாஸ். அரசியல் பேச்சாளராகப் பேர்பெற்ற டெமாஸ்தனீஸும் அந்தத் தொழில் செய்தவர்தான். தீர்ப்புச் சொல்லத் தனியாக நீதிபதியும் கிடையாது. 30 வயது தாண்டிய குடிமக்களில் சீட்டு விழுந்தவர்கள் உட்காருவார்கள். சின்ன வழக்கென்றால் 201 பேர், கொஞ்சம் பெரிது என்றால் 401, ஊர்ப் பொது வழக்கென்றால் 501 அல்லது அதற்கும் மேலே. நாளுக்கு 3 ஒபோல் படி. 6 ஒபோல் சேர்ந்தால் ஒரு டிராக்மா, அது கோயில் கட்டும் கொத்தனாருக்கு ஒரு நாள் கூலி என்று வைத்துக்கொள்ளுங்கள். பேசுகிறவருக்கு நேரம் அளக்க அடியில் துளை போட்ட மண்பானை, அதிலிருந்து தண்ணீர் ஒழுகும் வரைதான் பேச்சு. அகோரா என்ற சந்தைத்திடலில் தோண்டியபோது அப்படி ஒரு பானை கிடைத்திருக்கிறது. ஆறே கால் லிட்டருக்குச் சற்று மேல் பிடிக்கும், ஆறு நிமிடத்தில் காலியாகிவிடும். வழக்குக்குத் தக்கபடி எத்தனை பானை என்று கணக்கு. சாட்சி ஓலையைப் படிக்கும் நேரம் கணக்கில் சேராது. அதனால்தான் பேச்சுக்கு நடுவே ‘தண்ணியை நிறுத்து’ என்று பேசுகிறவர் பானையைக் கவனிக்கும் ஆளைப் பார்த்துச் சொல்வது அப்படியே எழுத்தில் நிற்கிறது. எனக்கு ரொம்பப் பிடித்த இடங்கள் அவை.

சரி, காசு வாங்கி எழுதிய பேச்சை எப்படி நம்புவது? வழக்கின் மையக் கதையை நம்ப வேண்டியதில்லை. யார் யாரைக் கொன்றார், யார் யாரை ஏமாற்றினார் என்பதில் பேசுகிறவர் நூறு பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் எதிரே உட்கார்ந்திருக்கிற அத்தனை பேரும் அதே ஊர்க்காரர்கள், அதே மாதிரி வீட்டில் தூங்கி எழுந்து, அதே சந்தையில் மீன் வாங்கிக்கொண்டு வந்தவர்கள். சொல்கிற பொய் எடுபட வேண்டுமென்றால் சுற்றியிருக்கும் வீடும் கதவும் சாப்பாடும் அவர்களுடைய வீடு, கதவு, சாப்பாடு மாதிரியே இருக்க வேண்டும். அதில் ஒரு சின்னப் பிசகு வந்தாலும் கூட்டம் சிரித்துவிடும். ஆக, வழக்கை ஓரமாக வைத்துவிட்டு, போகிற போக்கில் வந்து விழுகிற விவரங்களைப் பொறுக்குங்கள். நான் பல வருடமாக இவற்றைப் படிப்பது அப்படித்தான்.

லீசியாஸின் முதல் பேச்சையே எடுத்துக்கொள்வோம். யூஃபிலீட்டஸ் என்பவர் தன் மனைவியோடு படுக்கையில் இருந்த எரட்டாஸ்தனீஸ் என்ற ஆளைக் கையும் களவுமாகப் பிடித்துக் கொன்றுவிட்டார். சட்டம் அதை அனுமதிக்கிறது என்பது அவர் வாதம். திட்டம் போட்டு வரவழைத்துக் கொன்றார் என்பது செத்தவனின் உறவினர்கள் தரப்பு. தீர்ப்பு என்ன ஆயிற்று என்பது நமக்கு வந்து சேரவில்லை. போகட்டும், அவர் வீட்டைப் பாருங்கள்.

சின்ன வீடு, கீழும் மேலும் சம அளவு. மேலே பெண்கள், கீழே ஆண்கள். குழந்தை பிறந்ததும் மனைவி பால் கொடுக்கிறாள், குளிப்பாட்ட ஒவ்வொரு முறையும் அவள் படியிறங்கி வர வேண்டும், விழுந்துவிடுவாளோ என்று பயந்து இவர் மாடிக்குப் போய்விடுகிறார், பெண்கள் கீழே வந்துவிடுகிறார்கள். பிறகு அவள் குழந்தையோடு கீழே படுப்பது பழக்கமாகிவிடுகிறது. பாடப்புத்தகங்களில் ‘பெண்களுக்கென்று தனிப் பகுதி’ என்று கோடு போட்டுக் காட்டுவார்கள். அகழாய்வில் கிடைத்த வீடுகளில் அப்படி ஒரு பகுதியைக் கைகாட்டிச் சொல்வது கஷ்டமாகவே இருக்கிறது, அதற்குக் காரணம் இந்த ஒரு பத்தியிலேயே தெரிகிறது. அது ஒரு ஏற்பாடு. குழந்தை வந்தால் மாறும்.

ஒரு நாள் அவர் வயலிலிருந்து எதிர்பாராமல் திரும்பி வருகிறார். சாப்பிட்ட பிறகு குழந்தை அழுகிறது, அழ வேண்டும் என்பதற்காக வேலைக்காரப் பெண் அதைக் கிள்ளிவிட்டுக்கொண்டிருக்கிறாள். ஏனென்றால் எரட்டாஸ்தனீஸ் அப்போது கீழே இருக்கிறான். ‘போய்ப் பால் கொடு’ என்கிறார் இவர். மனைவி முதலில் போக மாட்டேன் என்கிறாள், ரொம்ப நாள் கழித்து வந்த கணவனை விட்டுப் பிரிய மனமில்லாதவள் போல. இவர் கோபப்பட்டதும், ‘ஆமாம், நான் போனால்தானே இங்கே இருக்கும் பெண்ணிடம் நீங்கள் வம்பு செய்யலாம், முன்னே குடித்துவிட்டு அவளைப் பிடித்து இழுத்தவர்தானே’ என்கிறாள். இவர் சிரிக்கிறார். அவள் விளையாட்டாகச் செய்வதுபோல வெளியே போய்க் கதவைச் சாத்திப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போய்விடுகிறாள். அடிமைப் பெண்ணை எஜமான் குடிபோதையில் இழுப்பது கணவன் மனைவிக்குள் சிரித்துப் பேசுகிற விஷயமாக இருந்திருக்கிறது, சபையில் சொல்லவும் அவருக்குக் கூச்சமில்லை. அந்தப் பெண் என்ன நினைத்தாள் என்பதை யாரும் கேட்கவில்லை. இந்த இடத்தை ஒவ்வொரு முறை கடக்கும்போதும் எனக்கு மனசு கஷ்டமாக இருக்கும்.

ராத்திரி கதவு கிரீச்சிட்ட சத்தம் கேட்டது, காலையில் கேட்டால், குழந்தை பக்கத்திலிருந்த அகல் அணைந்துவிட்டது, பக்கத்து வீட்டில் போய் ஏற்றிக்கொண்டு வந்தேன் என்கிறாள். இந்தப் பதிலை அவர் நம்பிவிட்டார். ஆக, நடுராத்திரியில் ஒரு குடும்பப் பெண் கதவைத் திறந்து பக்கத்து வீட்டுக்கு நெருப்பு வாங்கப் போவது யாருக்கும் அதிசயமில்லை. ஒன்று மட்டும் அவர் கண்ணில் படுகிறது: அவள் முகத்தில் ஈயவெள்ளைப் பூச்சு இருந்த மாதிரி இருந்தது, அவளுடைய சகோதரன் செத்து இன்னும் 30 நாள் கூட ஆகவில்லை. துக்கத்துக்கு நாள் கணக்கு உண்டு, அதற்குள் அலங்காரம் கூடாது என்பது கேட்டவர்கள் எல்லோருக்கும் தெரியும், அதனால் அவர் விளக்கவே இல்லை. கடைசி ராத்திரியில் நண்பர்களைக் கூப்பிட வீடு வீடாக ஓடுகிறார், சிலர் வீட்டில் இல்லை, சிலர் ஊரிலேயே இல்லை. கிடைத்தவர்களைச் சேர்த்துக்கொண்டு பக்கத்திலிருந்த கடையில் பந்தங்கள் வாங்கிக்கொண்டு உள்ளே நுழைகிறார்கள். அந்த நேரத்தில் தெருவில் கடை திறந்திருந்தது.

லீசியாஸ் ஒரு மாற்றுத்திறனாளிக்கும் பேச்சு எழுதிக் கொடுத்திருக்கிறார். உடல் முடியாமல் சொத்தும் இல்லாதவர்களுக்கு ஊர் நாளுக்கு ஒரு ஒபோல் உதவித்தொகை கொடுத்தது, அதைப் பேரவை, அதாவது ஊர்க் காரியங்களைப் பார்த்த 500 பேர் குழு, பரிசீலிக்கும். இவர் குதிரையில் போகிறார், தொழில் வேறு வைத்திருக்கிறார், இவருக்கு எதற்குப் பணம் என்று ஒருவர் ஆட்சேபித்துவிட்டார். அது இரவல் குதிரை, வசதி இருந்தால் மெத்தை போட்ட கோவேறு கழுதையில் போக மாட்டேனா என்கிறார் இவர். உன் கடையில் கெட்ட பசங்கள் கூடுகிறார்கள் என்ற புகாருக்கு அவர் சொல்லும் பதில்தான் தங்கம்: நீங்கள் ஒவ்வொருவரும் ஏதாவது ஒரு கடையில் போய் உட்காருகிறவர்கள்தானே, ஒருவர் வாசனைத் தைலக் கடைக்கு, ஒருவர் முடிதிருத்தும் கடைக்கு, ஒருவர் செருப்புத் தைப்பவரிடம், அதிலும் சந்தைக்குப் பக்கத்தில் இருக்கிற கடையில்தானே கூட்டம் அதிகம். இந்த ஒரு வாக்கியத்தில் ஊரின் சாயங்காலம் முழுக்க இருக்கிறது.

கணக்கு வழக்கு பார்க்க வேண்டுமென்றால் டியோகைட்டான் என்பவர் மேல் லீசியாஸ் எழுதிய பேச்சு. டியோடோட்டஸ் என்பவர் தன் அண்ணன் டியோகைட்டானின் மகளையே கட்டியவர். போருக்குப் போய் எபேசுவில் இறந்துவிடுகிறார். பிள்ளைகளுக்குக் கார்டியன் அந்த டியோகைட்டான்தான், பிள்ளைகளுக்குப் பெரியப்பாவும் அவரே, தாத்தாவும் அவரே. எட்டாம் வருடம் மூத்த பையன் பெரியவனானதும் கூப்பிட்டு, உங்கப்பா விட்டுப்போனது கொஞ்சம் பணம்தான், அதற்கு மேல் என் காசைப் போட்டுத்தான் வளர்த்தேன் என்று சொல்லிக் கைவிரித்துவிடுகிறார். அவர் காட்டிய செலவுக் கணக்கு கோர்ட்டில் படிக்கப்படுகிறது. இரண்டு பையன்களுக்கும் ஒரு பெண்ணுக்கும் தொட்டுக்கொள்ள மட்டும் நாளுக்கு 5 ஒபோல். செருப்பு, சலவை, முடிவெட்டு இவற்றுக்கு மாதக் கணக்கும் இல்லை, வருடக் கணக்கும் இல்லை, மொத்தமாக ஒரு தாலந்துக்கு மேல். தாலந்து என்றால் 6,000 டிராக்மா. டயோனிசஸ் திருவிழாவுக்கு 16 டிராக்மாவில் ஒரு ஆட்டுக்குட்டி வாங்கி, அதில் பாதியைப் பிள்ளைகள் பேரில் எழுதியிருக்கிறார். பெரிய தொகைகளை விட அந்த 8 டிராக்மாதான் எங்களுக்கு அதிகம் எரிந்தது என்று பேசுகிறவர் சொல்கிறார். குடும்பத்தில் பாகம் பிரித்த யாருக்கும் அது புரியும்.

அந்தக் கணக்கை முதலில் உடைத்தது பிள்ளைகளின் தாய். ஆண்கள் கூடின சபையில் பேசிப் பழக்கமில்லை என்று சொல்லிக்கொண்டே, குடும்பத்தைக் கூட்டச் சொல்லி, தன் அப்பாவை நேருக்கு நேர் நிறுத்திக் கேட்கிறாள். இந்தப் பிள்ளைகளைக் கிழிந்த துணியோடு, காலில் செருப்பில்லாமல், கூட ஒரு ஆள் இல்லாமல், படுக்க விரிப்பு இல்லாமல் வீட்டை விட்டு அனுப்பினீர்களே என்கிறாள். கையில் ஆதாரம் வேறு: வீடு மாற்றும்போது தூக்கிப்போட்ட கணக்குச் சுருள் பிள்ளைகள் கையில் கிடைத்து அவளிடம் வந்திருக்கிறது. வரவு எழுதின சுருளை ஒரு பெண் புரிந்துகொண்டு சபையில் எடுத்து வைக்கிறாள். கேட்டிருந்தவர்கள் கண்ணீரோடு பேச்சில்லாமல் எழுந்து போனார்கள். பெண்கள் கோர்ட்டில் நின்று சாட்சி சொல்ல முடியாது, அதனால் வீட்டில் நடந்த இந்தப் பேச்சை ஒரு ஆண் கோர்ட்டில் திரும்பச் சொல்லித்தான் நமக்குக் கிடைத்திருக்கிறது. அவளுடைய பெயர் இல்லை. மரியாதையான குடும்பத்துப் பெண்ணின் பெயரை, அவள் உயிரோடு இருக்கும்போது, சபையில் சொல்வதைத் தவிர்ப்பார்கள். இன்னாருடைய மகள், இன்னாருடைய தாய் என்றுதான் வரும். பெயரைச் சொன்னாலே அவமதிக்க என்று அர்த்தம் கொள்ளலாம்.

பெண்கள் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்தார்கள் என்று ஒரு பேச்சு எப்போதும் உண்டு. வசதியானவர்களின் ஆசை அப்படி இருந்தது, அவ்வளவுதான். டெமாஸ்தனீஸ் எழுதிய ஒரு வரப்புத் தகராறில், மழைத்தண்ணீர் பாதையை மறித்துச் சுவர் எழுப்பியதால் தன் நிலத்தில் வெள்ளம் புகுந்துவிட்டது என்று கல்லிக்ளீஸ் என்பவர் 1,000 டிராக்மா கேட்டு வழக்குப் போட்டிருக்கிறார். எதிராளி சொல்கிறார்: எங்கள் அம்மாவும் அவர்கள் அம்மாவும் அக்கம்பக்கத்துக்காரர்கள், ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போய் வருவார்கள், அப்படிப் போனபோது அந்த அம்மா புலம்பிக்கொண்டே சேதத்தைக் காட்டினார். நனைந்து காய்ந்துகொண்டிருந்த பார்லி மூன்று மெடிம்னஸ் (அது அவர்களுடைய தானிய அளவு), மாவு அரை மெடிம்னஸ். எண்ணெய்ச் சாடி சாய்ந்திருந்தது, ஆனால் எண்ணெய்க்கு ஒன்றும் ஆகவில்லை. இதற்குத்தான் ஆயிரம். இரண்டு தாய்மார்கள் வெயிலில் காயும் தானியத்துக்குப் பக்கத்தில் நின்று பேசியதுதான் வழக்கில் முக்கியமான சான்று.

யூக்சிதியஸ் என்பவரின் வழக்கில் ஏழைப் பெண்களின் நிலை இன்னும் பச்சையாகத் தெரியும். கி.மு. 346-345இல் குடிமக்கள் பட்டியலைச் சரிபார்த்தபோது அவருடைய பெயரை நீக்கிவிட்டார்கள். உன் அப்பா வெளியூர்க்காரன் மாதிரி பேசினார், உன் அம்மா சந்தையில் ரிப்பன் விற்றாள், கூலிக்குப் பால் கொடுத்தாள் என்பதுதான் அவர் மேல் சொன்ன குற்றம். ஆமாம், விற்றாள், இப்போதும் விற்கிறாள், அதற்கென்ன என்று அவர் திருப்பிக் கேட்கிறார். அப்பாவைப் போரில் பிடித்து அடிமையாக விற்றுவிட்டார்கள், பல வருடம் வெளியூரில் கிடந்ததால் பேச்சு மாறிப்போயிற்று. சந்தையில் தொழில் செய்வதைச் சொல்லி ஒரு குடிமகனையோ குடிமகளையோ இழிவுபடுத்தினால் அவதூறு வழக்குப் போடலாம் என்று சட்டமே இருக்கிறது என்கிறார். எத்தனையோ குடிமகள்கள் வறுமையால் தாதியாகவும், கம்பளி வேலைக்கும், திராட்சை பறிக்கவும் போயிருக்கிறார்கள் என்று அவர் சொல்லும்போது அது மறுக்க முடியாத சங்கதி, எதிரே உட்கார்ந்திருப்பவர்களில் சிலருடைய தாய்மார்களே போயிருப்பார்கள்.

அண்டை வீட்டுப் பகை எந்த அளவுக்குப் போகும் என்பதற்கு அப்போல்லோடோரஸ் என்பவர் ஒரு வழக்கில் சொல்வது: எதிரிகள் ஒரு குடிமகன் வீட்டுச் சிறுவனைப் பட்டப்பகலில் அவருடைய ரோஜாத் தோட்டத்துக்குள் அனுப்பிப் பூவைப் பிய்க்கச் சொல்லியிருக்கிறார்கள். இவர் அடிமைப் பையன் என்று நினைத்துக் கட்டிப்போட்டோ அடித்தோ விட்டால், சுதந்திரமானவனை அவமதித்தார் என்று பெரிய வழக்காகப் போட்டுவிடலாம். அந்தத் திட்டம் வேலை செய்ய ஒரு விஷயம் உண்மையாக இருந்தே ஆக வேண்டும்: ஆளைப் பார்த்தால் அடிமையா, குடிமகனா என்று தெரியாது.

அரசியல் பேச்சுகளைப் பற்றிக் கேட்டால், அவை இந்த அளவுக்கு வீட்டுக்குள் வராது என்பேன். பெரும்பாலும் கொள்கை, போர், பழிச்சொல். ஆனால் டெமாஸ்தனீஸ் கி.மு. 330இல் பேசிய கிரீடப் பேச்சில், அதாவது அவருக்குக் கிரீடம் சூட்டலாமா என்ற வழக்கில் பேசியதில், ஒரு சாயங்காலம் வருகிறது, அதை மட்டுமாவது படியுங்கள். கி.மு. 339, மாசிடோனியாவின் மன்னன் பிலிப், ஏதென்ஸுக்கு வரும் வழியிலிருந்த எலட்டேயா என்ற ஊரைப் பிடித்துவிட்டான் என்று செய்தி வருகிறது. ஆட்சிக்குழுவினர் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தவர்கள், பாதியில் எழுந்துவிட்டார்கள். சிலர் சந்தைத்திடலில் கடைக்காரர்களைக் கிளப்பித் தட்டிகளைக் கொளுத்துகிறார்கள், சிலர் தளபதிகளுக்கு ஆள் அனுப்புகிறார்கள், ஊதுகொம்புக்காரனைக் கூப்பிடுகிறார்கள். ஊர் முழுக்க அமளி. மறுநாள் விடியும்போது, பேரவை கூடி முடிவதற்குள் மக்கள் எல்லோரும் ஊர்க்கூட்டம் நடக்கும் குன்றில் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். கட்டியக்காரன் ‘யார் பேசப்போகிறீர்கள்?’ என்று கேட்கிறான். யாரும் எழவில்லை. திரும்பத் திரும்பக் கேட்கிறான்.

எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். பெரும்பாலான வழக்குகளில் ஒரு தரப்புப் பேச்சுதான் இருக்கிறது. சில பேச்சுகள் பின்னால் திருத்தி வெளியிடப்பட்டவை. காசு கொடுத்து எழுதி வாங்கக்கூடியவர்களின் உலகம் இது, அதனால் வசதியானவர்கள் பக்கம் சாய்ந்திருக்கும். அடிமைகளின் சாட்சி சித்திரவதை செய்து வாங்கினால்தான் செல்லும் என்பது விதி, ஆகையால் அவர்கள் குரல் நேராக வருவதே இல்லை. ஓரத்தில், மற்றவர்கள் வாய் வழியாக வரும். அப்படி ஓரத்தில் வரும் ஒருத்தியைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன்.

டெமாஸ்தனீஸ் பேரில் வந்திருக்கும் 47ஆம் பேச்சு அது, அவர் எழுதியதல்ல என்றுதான் அறிஞர்கள் பலரும் சொல்கிறார்கள். கப்பல் தளவாட விவகாரத்தில் தொடங்கிய பகை முற்றி, தியோஃபீமஸ் என்பவரும் அவர் சகோதரர் யூவெர்கஸும் பேசுகிறவரின் பண்ணை வீட்டுக்குள் புகுந்து ஜப்தி என்ற பேரில் அள்ளுகிறார்கள். மேய்ந்துகொண்டிருந்த 50 ஆடுகளை மேய்ப்பனோடு ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள். வேலைக்காரப் பெண்கள் கோபுர அறைக்குள் போய்த் தாளிட்டுக்கொள்கிறார்கள். பக்கத்து நிலத்துக்காரர் ஒருவர் வந்து பார்க்கிறார், ஆனால் வீட்டு ஆண் இல்லாதபோது உள்ளே நுழையக் கூடாது என்று வெளியிலேயே நிற்கிறார்.

உள்ளே ஒரு கிழவி. பேசுகிறவரைச் சின்ன வயதில் வளர்த்த தாதி. அவருடைய அப்பா அவளை விடுதலை செய்துவிட்டார், அவள் ஒருவரோடு குடும்பம் நடத்தினாள், அந்த ஆள் இறந்ததும் பார்த்துக்கொள்ள யாருமில்லாமல் இந்த வீட்டுக்கே திரும்பி வந்துவிட்டாள். என்னை வளர்த்தவளை நான் தவிக்க விட முடியாது என்கிறார் அவர். வந்தவர்கள் சாமான்களை அள்ளும்போது, அவள் ஒரு கிண்ணத்தை எடுத்து மடியில் ஒளித்துக்கொள்கிறாள். அவர்கள் பார்த்துவிட்டார்கள். கையை முறுக்கி, கழுத்தை நெரித்து, மணிக்கட்டு ரத்தமாகி மார்பு கன்றிப்போகும் வரை விடவில்லை, கிண்ணம் கைக்கு வந்த பிறகுதான் விட்டார்கள். ஆறாம் நாள் அவள் செத்துப்போனாள்.

அவர் தர்மம் தெரிந்த பெரியவர்களிடம் போய் என்ன செய்வது என்று கேட்கிறார். அடக்கத்தின்போது ஈட்டி எடுத்துப் போ, அவளுக்கு உறவினர் இருந்தால் சமாதியில் அறிவி, மூன்று நாள் காவல் இரு, ஆனால் யார் பெயரையும் சொல்லி வழக்குப் போடாதே என்கிறார்கள். அவள் உனக்கு உறவும் இல்லை, இப்போது அடிமையும் இல்லை, சட்டம் உனக்கு இடம் கொடுக்காது, நடந்தபோது நீ அங்கே இருக்கவும் இல்லை. அவரும் அதைக் கேட்டுக்கொண்டார்.

அவள் மடியில் வைத்த கிண்ணம் அலமாரியிலிருந்து எடுத்ததல்ல. அவர்கள் நுழைந்தபோது வீட்டு அம்மா முற்றத்தில் குழந்தைகளோடு மதியச் சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டிருந்தாள், இந்தக் கிழவியும் அவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் வைத்துக் குடித்துக்கொண்டிருந்த கிண்ணம் அது.